டொக்டர் சொன்ன பொழுதுபோக்கு: கற்பிட்டிக் கரையாருக்கு ஒரு கைநூல்

முதலில் ஒரு வருத்தம் தேவை.

புத்தளம் தொடங்கிக் கற்பிட்டி முனை வரைக்கும் நம் கரையில் வருத்தம் இல்லாத ஆளுக்குப் பொழுதுபோக்கு கிடையாது. திடகாத்திரமான ஒருவர் பின்னேரம் களப்போரத்தில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு வேலைவெட்டி இல்லாதவர் என்று பெயர். அதே ஆள் கிளினிக் கொப்பியைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், "பாவம், டொக்டர் சொல்லியிருக்கிறாராம்." மீனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஊருக்குத் தெரியும். ஆகவே மேலே படிக்கும் முன் பிரசரோ சீனியோ ஏதாவது ஒன்றைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள். நான் அறுபது வயது வரை கந்தோர்க் கதிரையில் அசையாமல் இருந்து, காலை பத்துக்கும் பின்னேரம் மூன்றுக்கும் சீனி தூக்கலாகப் போட்ட தேத்தண்ணி குடித்து, இரண்டையும் சம்பாதித்தேன். பென்சனோடு சேர்த்துக் கையில் கொடுத்தார்கள்.

வருத்தத்தைக் கண்டுபிடிக்கத் தூரம் போக வேண்டியதில்லை. 2011 இலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கைக்கென்றே தனி நிலையங்கள் நடக்கின்றன. முப்பத்தைந்து வயது தாண்டியவர் வருத்தம் இல்லாமலே போகலாம். போனால் உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, பிரசர், சீனி எல்லாம் பார்ப்பார்கள். இடுப்பை அளக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், நர்ஸ் மிஸ்ஸுக்குத் தெரிந்துவிடும். கடைசியில் உப்பைக் குறையுங்கள் என்பார்கள். நாட்டுக்கே உப்பு விளைத்துக் கொடுக்கிற புத்தளத்து ஆளைப் பார்த்து அப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். நான் தலையாட்டினேன்.

எனக்கு வாய்த்தது என் மகளைவிட வயது குறைந்த ஒரு டொக்டர் பிள்ளை. மருந்தெல்லாம் எழுதி முடித்துப் பேனையை மூடிவிட்டுக் கேட்டார்: "உங்களுக்குப் பொழுதுபோக்கு ஏதாவது இருக்கா, அங்கிள்?"

"நியூஸ் பார்ப்பேன்" என்றேன்.

பேனையைத் திறந்து பிரசர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார்.

கொழும்பில் இருக்கிற மகளுக்கு விசயம் எட்டியது. அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஓர் ஆராய்ச்சி வந்தது. நம்பத்தகுந்த சாமான்தான்: 2023 இல் 'நேச்சர் மெடிசின்' சஞ்சிகையில் வெளியானது. 16 நாடுகளில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 93,263 பேரை வருடக் கணக்கில் கவனித்திருக்கிறார்கள். பொழுதுபோக்கு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, சந்தோசம் கூட, தங்கள் உடம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்பவர்களும் கூட. டென்மார்க்கில் 96 சதவீதத்தினருக்குப் பொழுதுபோக்கு உண்டாம். ஸ்பெயினில் பாதிப் பேருக்குத்தான். இலங்கை அந்தப் பதினாறில் இல்லை. பொழுதுபோக்கினால்தான் சந்தோசம் வந்தது என்று அடித்துச் சொல்லாமல், இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன என்கிற அளவில் அவர்கள் நிறுத்திக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடித்தது. கந்தோர்க் கடிதம் எழுதிப் பழகியவனுக்கு அந்த நிதானத்தின் அருமை தெரியும்.

இதை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டினேன். மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"இந்த தொண்ணூத்தி மூவாயிரம் பேருக்கும் தேத்தண்ணி ஊத்தினது யாரு?"

அதற்குக் கட்டுரையில் பதில் இல்லை. அடிக்குறிப்பு வரை தேடிவிட்டேன்.

நடப்பவர்களுக்கு

எல்லா டொக்டர்மாரும் முதலில் சொல்வது நடைதான். உலக சுகாதார அமைப்பின் கணக்குக்குக் கிழமைக்கு 150 நிமிடம், கொஞ்சம் மூச்சு வாங்குகிற மாதிரி நடக்க வேண்டும். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு அரை மணித்தியாலம். அஸர் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிபுக்கு முன் திரும்பிவிடலாம். காகிதத்தில் இது சுலபம்.

கற்பிட்டி வீதியில் இறங்கிப் பாருங்கள். நூறு மீற்றர் போவதற்குள் ஒரு மோட்டர் சைக்கிள் வேகம் குறையும். "எங்க மாமா, நடந்து போறீங்க? ஏறுங்க." எங்கும் போகவில்லை தம்பி என்றால், அந்தத் தம்பி அதை மரியாதைக்குச் சொன்ன மறுப்பாக எடுத்துக்கொள்வான். "பரவாயில்ல, ஏறுங்க." அவன் போன பிறகு த்ரீவீல். த்ரீவீல் போன பிறகு, உங்களோடு வேலை செய்து பென்சன் எடுத்தவரின் மகன் ஓட்டும் லொறி. அதில் வெங்காய மூட்டைக்கு மேல் ஓர் இடம் காலியாக இருக்கும். நம் ஊரில் நடப்பவன் என்றால் ஒன்று வாகனம் பழுதாகியிருக்க வேண்டும், அல்லது வீட்டில் சண்டை நடந்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் பள்ளிவாசலில் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்து, "பிள்ளைகள் காசு அனுப்புறதில்லையா?" என்று ஆதரவாக விசாரித்தார்.

அதனால் இந்தக் கைநூலின் முதல் பரிந்துரை: கையில் ஏதாவது தூக்கிக்கொண்டு நடவுங்கள். வெறும் போத்தல் போதும். போத்தலோடு நடப்பவர் மண்ணெண்ணெய்க்குப் போகிறார், தேங்காயெண்ணெய்க்குப் போகிறார், ஒருவரும் மறிக்கமாட்டார்கள். நான் இரண்டு கிழமை ஒரே போத்தலோடு நடந்தேன். அது நிரம்பாததை ஒருவரும் கவனிக்கவில்லை. சப்பாத்து போடுவது உங்கள் விருப்பம். சப்பாத்தோடு நடந்தால் வெளிநாட்டுக்குப் போக மெடிக்கலுக்குத் தயாராகிறீர்கள் என்பார்கள்.

இந்த ஊரில் தடையில்லாமல் நடக்கிறவை கழுதைகள் மட்டும்தான். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அவை கூட்டம் கூட்டமாக வீதியோரம் நடக்கின்றன, நினைத்த இடத்தில் நிற்கின்றன, எதிரே பஸ் வந்தாலும் யோசித்துத்தான் நகர்கின்றன. ஒரு காலத்தில் பொதி சுமந்த குலம். இப்போது சுமையும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. "எங்க போறாய்?" என்று அவற்றை மறித்துக் கேட்பவரும் இல்லை. பென்சனுக்குப் பிறகு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைக்கவில்லை.

இடமும் முக்கியம். பாலாவிப் பக்கம் உப்பளத்தை ஒட்டிய வீதி நல்லது. கார்த்திகை, மார்கழியில் வடக்கே எங்கெங்கோ இருந்து உள்ளான்கள் வந்து பாத்திகளில் குத்திக் குத்தித் தின்னும். நின்று பார்த்தால் பிரசர் இறங்குவது போலவே இருக்கும். கருவி வைத்துப் பார்க்கவில்லை. கற்பிட்டிக் கோட்டைப் பக்கமும் போகலாம். 1667 இல் தொடங்கி ஒல்லாந்தர் கட்டியது, இப்போது கடற்படையின் கையில் இருக்கிறது. மதிலோரம் ஒரே இடத்தில் நாலு தரம் திரும்பித் திரும்பி நடக்காதீர்கள். காவலுக்கு நிற்கும் பொடியனுக்குப் பொழுதுபோக்கு என்றால் என்னவென்று விளங்கப்படுத்துவதற்குள் இருட்டிவிடும்.

பட்டத்தில் தொங்க விரும்புபவர்களுக்கு

நம் மாவட்டத்தில் பொழுதுபோக்குக்கென்று ஆகாயவிமானம் ஏறி ஆட்கள் வருகிறார்கள் என்பதை முதலில் நம்புங்கள். வைகாசி தொடங்கி ஐப்பசி வரை சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு வீசும். அந்தக் காற்றுக்காகவே ஐரோப்பாவிலிருந்து வந்து கண்டக்குழி, ஆலங்குடா, கப்பலடிப் பக்கம் தங்கி, இடுப்பில் வாரைக் கட்டி, காலில் பலகையைப் பூட்டி, பெரிய பட்டம் ஒன்றின் இழுப்பில் தண்ணீருக்கு மேலே பறக்கிறார்கள். மார்கழி முதல் பங்குனி வரை வாடையிலும் இன்னொரு பருவம் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சோளகம் தொடங்கினால் மேற்குக் கரையில் பெருங்கடல் மீன்காரருக்கு மூடும். அலை உயரும், வள்ளம் கரையேறும், சிலர் வாடி போட்டுக் கிழக்குக் கரைக்கே போய்விடுவார்கள். எங்கள் வாப்பா காலத்தில் அந்தக் காற்றுக்குத் திட்டுத்தான் கிடைத்தது. அதே காற்று அடிக்காவிட்டால் இப்போது ஹோட்டல்காரர் திட்டுகிறார். நேற்று வரை வலை பின்னிய வீட்டுப் பொடியன்கள் இன்றைக்கு வெள்ளைக்காரருக்குப் பட்டம் விடப் படிப்பிக்கிறார்கள், ஜெர்மன் மொழியில் காற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அதில் பெருமைதான்.

உடம்புக்கு நல்லதா என்றால் நல்லதுதான். பட்டத்தின் இழுப்பு முழுவதும் கைக்கு வராது, பெரும்பகுதியை இடுப்பு வார் வாங்கிக்கொள்ளும். வேலை வயிற்றுக்கும் முதுகுக்கும் தொடைக்கும். இருபது நொட் காற்று என்றால் மணிக்கு முப்பத்தேழு கிலோமீற்றர். அந்த நேரத்தில் மின்சார பில்லை நினைக்க ஒருவராலும் முடியாது. மன அமைதி என்பது அதுதான் என்று ஒரு பொடியன் எனக்குச் சொன்னான். எதிரே நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிகிறதே, அதைப் பார்த்தால் பில் ஞாபகம் வராதா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "அதுக்கு முதுகு காட்டி ஓடணும் மாமா" என்றான்.

அறுபதைத் தாண்டியவர்கள் இந்தப் பொழுதுபோக்கைக் கரையில் ஒரு கதிரை போட்டு அமர்ந்து செய்யலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். எவன் விழுவான் என்று முன்கூட்டியே சொல்வதில் இப்போது எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

இந்தக் கரைக்குப் பொழுதுபோக்காக வந்தவர்களில் மூத்தவர் என்று நான் கருதுவது இப்னு பதூதாவை. 1344 இல் புத்தளத்தில் இறங்கினார். அவர் அதை பத்தாலா என்று எழுதுகிறார். அப்போது இங்கே இருந்த ஆரியச் சக்கரவர்த்தி முத்துக் குவியலைக் காட்டி, உமக்கு வேண்டியதைக் கேளும் என்றபோது, இந்தத் தீவுக்கு வந்ததிலிருந்து ஒரே ஆசைதான், மலையில் இருக்கிற ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். அரசனும் வழிகாட்டிகளைக் கொடுத்தான், கூடவே ஒரு பல்லக்கையும் அதைச் சுமக்க ஆட்களையும் கொடுத்தான். பயணம் மனசை விரிக்கும் என்று மகள் அனுப்பும் குறிப்புகளில் அடிக்கடி வரும். இங்கிருந்து மலையடிவாரம் வரைக்கும் யாருக்கு மனசு விரிந்தது, யாருக்குத் தோள் வீங்கியது என்று அவர் பிரித்து எழுதவில்லை.

கயிறு பிடிக்க விரும்புபவர்களுக்கு

உடப்பில் எனக்கு ஒரு கந்தோர்க் கூட்டாளி இருக்கிறார். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கு வருசா வருசம் அழைப்பார், நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் நடுவில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் முந்தல் களப்புமாக மணல் திட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற தமிழ் ஊர். கரைவலைக்குப் பேர் போனது. அதைவிட அம்பாவுக்குப் பேர் போனது. அம்பா என்பது வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. ஒருவர் முன்னுக்குப் பாட, கயிற்றைப் பிடித்திருக்கிற மற்ற எல்லோரும் பின்பாட்டு எடுப்பார்கள். பின்பாட்டு விழுகிற இடத்தில் ஓர் இழுப்பு. பாட்டில் கடவுளும் வருவார், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் வரும், யாராவது ஒருவர் வீட்டுப் பெண்ணின் கதையும் வரும்.

போன தையில் போயிருந்தபோது கூட்டாளியிடம் என் கிளினிக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு விடியற்காலம் என்னைப் பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தவறாக எண்ண வேண்டாம், அங்கே பாடு என்றால் வலை வளைக்கிற கடற்கரைத் துண்டு. "பொழுதுபோக்கு கேட்டியே, பிடி கயிறை."

பிடித்தேன். இந்தப் பகுதியைக் கவனமாக வாசியுங்கள், செய்முறை இதில்தான் இருக்கிறது.

கயிற்றைக் கையால் இழுக்கக் கூடாது. கையால் இழுப்பவன் கந்தோர்க்காரன் என்று கரை முழுவதும் உடனே தெரிந்துவிடும். குதிக்காலை மணலில் புதைத்து, உடம்பின் பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து, பாட்டு விழும்போது ஓரடி பின்வைக்க வேண்டும். கை சும்மா பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இழுக்கிற நேரத்தில் மூச்சு தானாக வெளியே போகும். பாட்டை எடுக்கிறவர் உள்ளே இழுக்க இடைவெளி கொடுப்பார். என் மகள் மூச்சுப் பயிற்சிக்கென்று போனில் ஒரு செயலி போட்டுத் தந்திருக்கிறாள், நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே என்று ஒரு பெண் குரல் சொல்லும். அந்தக் குரலை நம்பாத என் நெஞ்சு, பல் விழுந்த ஓர் எழுபது வயதுக் கிழவரின் குரலுக்கு உடனே கட்டுப்பட்டது.

இதற்கும் ஆராய்ச்சி உண்டு. 2009 இல் ஒக்ஸ்போர்டில் படகு வலிக்கும் மாணவர் 12 பேரைத் தனித்தனியாக வலிக்கவிட்டும் கூட்டமாக வலிக்கவிட்டும் பார்த்தார்கள். பட்ட பாடு ஒன்றுதான். ஆனால் கூட்டமாக வலித்த பிறகு அவர்களால் நோவை அதிகம் தாங்க முடிந்தது. சேர்ந்து அசையும்போது உடம்புக்குள் ஏதோ சுரக்கிறது என்று ஊகிக்கிறார்கள். உடப்பாரிடம் கேட்டிருந்தால் பன்னிரண்டு பேரையும் சிரமப்படுத்தியிருக்க வேண்டாம்.

முக்கால் மணித்தியாலத்தில் என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். முதுகு பிளந்தது. ஆனால் பென்சன் எடுத்த நாளிலிருந்து தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு முனகல், சம்பள ஏற்றத்தைக் கணக்கில் பிழையாகப் போட்ட அந்தப் பழைய கோப்பைப் பற்றியது, அது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நான் கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னுக்கு நின்றவர் விடவில்லை. அவருக்கு வலையின் மடி கரைக்கு வந்தால்தான் பங்கு. அவருடைய உள்ளங்கையைப் பிறகு பார்த்தேன், கொப்புளம் வர அதில் இடமே இல்லை. அவர் இழுத்ததும் நான் இழுத்ததும் ஒரே கயிறு, ஒரே பாட்டு. எனக்கு அது மருந்தாக இருந்ததற்கு ஒரே காரணம், நினைத்த நேரத்தில் என்னால் அதை விட்டுவிட்டு எழும்ப முடிந்ததுதான்.

மடி வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, சாளையும் கொஞ்சம் பாரைக் குஞ்சும். கயிறு தொட்டவனைச் சும்மா அனுப்பக் கூடாது என்பது அங்கே வழக்கம். பையில் மீன் போட்டுத் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி பையைத் திறந்து பார்த்தாள்.

"கூலி தந்திருக்காங்க. அப்ப இது பொழுதுபோக்கு இல்ல, தொழில். நாளைக்கும் போங்க."

பக்கத்துப் பாட்டில் அப்போது டிரக்டரில் வின்ச் பூட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அது சரியா பிழையா என்று பெரிய சண்டையே நடந்தது, அதற்குள் நான் போகமாட்டேன். ஆள் கிடைக்காத கஷ்டம் சம்மாட்டிக்குத்தான் தெரியும். ஆனால் டிரக்டருக்குப் பின்பாட்டு வராது. அம்பா இனிக் கலைவிழா மேடையில்தான் என்று கூட்டாளி சொன்னார். வேட்டி சால்வையோடு வரிசையாக நின்று, மறுமுனையில் ஒன்றும் கட்டப்படாத கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாடுவார்களாம். வேலை பொழுதுபோக்காக மாறுகிற கணம் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கயிற்றின் மறுமுனையைக் காட்டலாம்.

உட்கார்ந்து செய்பவை

கரம். இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. நம் கரையில் எந்தச் சந்தியிலும் ஒரு பலகை, மேலே தொங்கும் ஒரு பல்ப், மூட்டுக்கு மேல் மடித்த சாரத்தோடு நாலு பேர். எங்கள் பலகையில் இப்போது போரிக் பவுடருக்குப் பதிலாகப் பிள்ளைக்குப் போடும் பவுடர் தூவுகிறோம், மணக்கிறது. 2003 இல் அமெரிக்காவில் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரை ஐந்து வருடமளவில் பார்த்த ஓர் ஆய்வு வந்தது. ஜோ வர்கீஸ் என்ற டொக்டர் முன்னின்று செய்தது. வாசிப்பு, பலகை விளையாட்டு, வாத்தியம் வாசிப்பது, நடனம், இந்த நாலில் ஏதாவது உள்ளவர்களுக்கு மறதி நோய் வருவது குறைவாக இருந்ததாம். பலகை என்று அவர் சொன்னது சதுரங்கமாக இருக்கலாம். நாங்கள் கரம் என்று எடுத்துக்கொண்டோம். யார் எந்த வருசம் எந்தக் காயைக் களவாக நகர்த்தினான் என்பது எங்கள் பலகையில் இருக்கிற எல்லோருக்கும் ஞாபகம் இருப்பதால், ஆய்வு சரியென்றே நினைக்கிறேன்.

அந்த நாலில் உடம்பை அசைப்பது நடனம் ஒன்றுதான். அவர்கள் கேட்ட மற்றத் தேகாப்பியாசங்கள் எதிலும் அந்தப் பலன் தெரியவில்லை. நம் ஆட்களுக்கு இது கெட்ட செய்தி. ஆனால் புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் மஞ்சா ஆடுவதைப் பார்த்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். போர்த்துக்கீசரும் மற்றவர்களும் கொண்டுவந்து இறக்கிய படைவீரர்களின், அடிமைகளின் வழி வந்தவர்கள். மெதுவாகத் தொடங்கும் பாட்டு, சிரட்டையும் கரண்டியும் போத்தலுமே வாத்தியம், போகப் போகத் தாளம் சூடேறும். எழுபது வயது மூதாட்டி எழும்பி இடுப்பை அசைத்தால் இருக்கிறவர்கள் இருக்க முடியாது. நான் சாரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்தேன், இருட்டில். இதை இங்கே எழுதியதைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை.

சீட்டாட்டம் என்றால் முந்நூற்றிநாலு. காசு வைக்காதீர்கள், வைத்தால் பிரசர் ஏறும், பள்ளிவாசலில் பேச்சும் ஏறும். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டினால் 76, நாலு சாதிக்கும் பெருக்கினால் 304. ராஜாவைவிட ஒன்பது பெரிது என்ற நியாயத்தை யார் கண்டுபிடித்தாரோ, கந்தோரில் வேலை செய்தவராகத்தான் இருக்க வேண்டும்.

தோட்டம் வேண்டாம். கொழும்பில் வீட்டுத் தோட்டம் பொழுதுபோக்கு. கற்பிட்டிக் குடாவில் தோட்டம் என்றால் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட், பசளைக் கடன். மணலில் தண்ணீரும் பசளையும் நிற்காமல் கிணற்றுக்கே இறங்கிப்போகிற கவலை வேறு. நான் ஆசையாக ஆறு மிளகாய்க் கன்று வைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் மிளகாய் வைத்திருக்கிறவர் தினமும் வந்து எட்டிப் பார்த்து, "என்ன மாமா, மார்க்கட்டுக்கு எப்ப அனுப்பப் போறீங்க?" என்று கேட்பார். பிடுங்கிவிட்டேன்.

வீட்டில் அனுமதி பெறுதல்

இது கடினமான பகுதி. கடைசிக்குத் தள்ளி வைத்தது அதனால்தான்.

மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் அடுப்பு எரிகிறது. நடந்துவிட்டு வந்தால் தண்ணீர், கரம் விளையாடிவிட்டு வந்தால் சாப்பாடு, உடப்பிலிருந்து வந்தால் மீன் வெட்டல். என் மனைவி நல்ல பன் பாய் இழைப்பாள். உம்மாவிடமிருந்து பழகியது, ஓரத்தில் சிவப்பும் பச்சையும் சாயம் ஊட்டிய பன்னில் பூ வரும். அதை நான் நாற்பது வருசமாக வீட்டு வேலை என்று நினைத்திருந்தேன். கொழும்பில் அதே போன்ற பாயை ஒரு கடையில் கண்ணாடிக்குள் வைத்து விற்கிறார்கள், இழைக்கப் பழக்குகிற வகுப்பும் வைக்கிறார்கள், மன அழுத்தத்துக்கு நல்லதாம். படத்தை மகள் அனுப்பினாள். மனைவியிடம் காட்டினேன்.

"உனக்கு நாற்பது வருசமாக ஒரு பொழுதுபோக்கு இருந்திருக்கு" என்றேன்.

அவள் இழைத்துக்கொண்டிருந்த பன்னைக் கீழே வைத்தாள். என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு சீலையை உதறிக்கொண்டு எழும்பி, வேலிப் பக்கம் போய், பக்கத்து வீட்டு மைமூன் தாத்தாவைக் கூப்பிட்டாள். இருவரும் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கடற்கரைக்குப் புறப்பட்டார்கள்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன். கழுதைகளைக்கூட ஒருவரும் கேட்காத கேள்வி என்று இந்தக் கைநூலில் நானே எழுதியிருக்கிறேன்.

"ஒரு இடத்துக்கும் இல்ல."

அவள் கையில் போத்தல் கூட இல்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளியும் போனார்கள். இப்போது வெள்ளி, செவ்வாய் இரண்டு நாளும் போகிறார்கள். மணலில் உட்கார்ந்து என்ன செய்கிறீர்கள் என்றால் சிரிக்கிறார்கள். ஒரு நாள் தூரத்தில் நின்று பார்த்தேன்: நாலு பேரும் ஒன்றும் செய்யவில்லை. பட்டத்தில் தொங்குகிறவர்களைக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று அவள் திரும்பி வரும்போது தேத்தண்ணி தயாராக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். இதையும் கைநூலில் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொதித்தது. தேயிலை மேல்தட்டில் இருந்தது. கோப்பையும் கிடைத்தது. சீனி கிடைக்கவில்லை. என் வருத்தம் தெரிந்த நாளிலிருந்து அவள் அதை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். கொத்தமல்லி ரின், மா ரின், பழைய ஹோர்லிக்ஸ் போத்தல், நோன்புக் கஞ்சிக்கு மட்டும் எடுக்கிற பெரிய பானை, எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அவள் சீனியில்லாமல் குடிக்கமாட்டாள். போன் எடுத்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இரண்டாம் தரமும் அடித்தேன். சோளகம் தொடங்கியிருக்கிறது, கடற்கரையில் காற்றுச் சத்தம் பெரிது. எடுக்கவில்லை.